வேலை நடந்ததற்கு ஆதாரம்

கோத்தகிரி, போஜன் வீட்டு மாடி.
பழைய தேயிலை ஏலச் சீட்டுகள் திணித்த அலமாரி,
பக்கத்தில் கணினி,
கரண்ட் போனால் கீச்சிடும் இன்வெர்ட்டர்,
மூன்று வருட நிதியில் மிச்சம் பதினோரு நாள்,
நான்.

ஜன்னலில் நின்று கைபேசியில் எடுத்த படம்:
சரிவு, ஐந்து சில்வர் ஓக்,
முதுகில் நைலான் பையோடு புஷ்பராணி.
அதன் நடுவில்
கணக்கில் மட்டுமே இருக்கிற ஒரு கண்ணாடி உருண்டையை வைக்கிறேன்.
மறையும் வில்லை என்று அதற்குப் பெயர்.

கதிர் நுழைகிறது.
டானிங்டன் முக்கில் வழி தப்பிய லாரி
ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டு
போக இருந்த சாலையிலேயே போவதைப் போல
மையத்தை வளைத்துக்கொண்டு
வந்த கோட்டிலேயே வெளியே வருகிறது,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
எல்லாக் கதிரும் இப்படி வந்துவிட்டால்
உருண்டை இல்லை. ஓக் மரம் ஓக் மரமாகவே நிற்கும்.

அதாவது,
நான் முழுக்க ஜெயித்தால் கிடைக்கிற படமும்
ஜன்னலில் எடுத்த படமும் ஒன்றுதான்.
இரண்டையும் இணைத்து அனுப்பி
என்னவென்று எழுதுவேன்,
ஆறு வித்தியாசம் கண்டுபிடி என்றா?

நல்லவேளை, ஜெயிக்கவில்லை.
மையத்தில் ஒளிவிலகல் எண் முடிவிலியாக வேண்டும்
என்கிறது சமன்பாடு.
முடிவிலி எந்தக் கடையிலும் கிடைக்காது.
ஏழில் நிறுத்தினேன்.
நிறுத்திய இடத்தில் கடுகளவு கோணல்.

சுற்றி வந்த கதிருக்குத் தாமதம் வேறு.
அது யார் கண்ணுக்கும் எட்டாத தாமதம்;
ஆனாலும் கணினிக்குள் ஒளியை
மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கிப் பார்த்தேன்.
உருண்டைக்கு வெளியே தெரிந்த புஷ்பராணியின் கை
கொழுந்தைக் கிள்ளி முடித்துவிட்டது.
உருண்டைக்குள் தெரிந்த இடுப்பு
இன்னும் குனியவே இல்லை.

நாலு மணிக்கு மூடுபனி ஏறியது.
சரிவை, ஓக்கை, சாலையை, போஜன் வீட்டு நாயை
ஒரு சமன்பாடும் இல்லாமல் மறைத்தது.
ஆனால் அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை,
ஈரமாய் வந்து கண்ணாடியில் ஒட்டும்.
எண்பத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.

கதவு தட்டினாள் புஷ்பராணி.
லைன் வீட்டில் இருட்டு, போனில் சார்ஜ் இல்லை.
இன்வெர்ட்டரில் செருகிவிட்டுத் திரும்பியவள்
திரையைப் பார்த்தாள்.
"இது நானா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

மூன்று வருடத்தில்
யாரும் என்னைக் கேட்காத கேள்வி.
பின்னணி என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன்.
மன்னிப்பு கேட்டேன். பதில் சொல்லவில்லை.
குனிந்து, மூக்கு திரையில் படுகிற அளவு குனிந்து,
இலைச்சாயம் ஏறிய விரலை வைத்தாள்:
"என் பை வாரு ஏன் இங்க ஒடைஞ்சிருக்கு?
போன மாசந்தான தச்சேன். நல்ல வாரு."

கடுகு.
கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொன்ன இருவருக்கும் தட்டுப்படாத
அதே கடுகின் மேல் விரல்.

"நடுவுல என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல" என்றேன். நான் செய்தது அதுதான்.
"ஒண்ணுமில்லாததுக்கா மூணு வருசம்?"
சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.
நாற்பது சதவீதம் ஏறியதும் பிடுங்கிக்கொண்டாள்.
படியில் நின்று சொன்னாள்:
"அனுப்புறதா இருந்தா வார சரி பண்ணிட்டு அனுப்புங்க."

சரி பண்ண முடியும்.
ஒரு நொடியில் தூரிகைக் கருவியால் பூசிவிடலாம்.
பூசினால் உருண்டையும் போகும், மூன்று வருடமும் போகும்.

இரவு கரண்ட் வந்ததும் படத்தை வெட்டினேன்:
முகம் வேண்டாம், வார் மட்டும்.
அடியில் எழுதினேன்:
வார் உடையவில்லை. உடைத்தது உருண்டை.
பிறகு அந்த வரியை அழித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

காலையில் ஜன்னல்.
பனிக்குள் இறங்கிப் போகிறது ஒரு பை.
தெரிகிறவரைக்கும்
வார் நேராகத்தான் இருந்தது.